எச்சிலை லென்ஸ் முன்னால் வைத்த துணிக்கடைக்காரர்

ஊசின்னாலே நம்மில் பாதிப் பேருக்கு வயிற்றைக் கலக்கும். ரத்தம் எடுக்கணும்னு சொன்னா முகத்தைத் திருப்பிக்கிட்டு கையை மட்டும் நீட்டுற ஆட்கள் நிறைய. அப்படிப்பட்டவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள இப்போது ஊசியே வேண்டாம். ஒரு சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் போதும். கொரோனா வைரஸ் இருக்கா, கார்ட்டிசால் ஹார்மோன் எவ்வளவு ஓடுது, டி.என்.ஏ. என்ன சொல்லுது என்று பார்த்துவிடலாம்.

எச்சில் என்றால் நமக்கு அருவருப்பு. எச்சில் கை, எச்சில் தட்டு, எச்சில் இலை என்று அந்த வார்த்தை ஒட்டிக்கொண்டாலே ஒதுக்கி வைத்துவிடுவோம். ஆனால் 340 வருஷத்துக்கு முன்னால் ஒருவர் தன் எச்சிலையும், பல்லிடுக்கில் இருந்த அழுக்கையும், பக்கத்தில் இருந்தவர்களின் எச்சிலையும் கேட்டு வாங்கி லென்ஸ் முன்னால் வைத்துப் பார்த்தார். அவர் டாக்டர் இல்லை. புரொபசர் இல்லை. காலேஜ் வாசலையே மிதிக்காத ஒரு துணிக்கடைக்காரர்.

பெயர் ஆண்டனி வான் லீவன்ஹூக். பாக்டீரியாவை முதலில் பார்த்தவர் யார் என்ற ஒரு மார்க் கேள்விக்கு நாம எல்லாரும் எழுதிய அதே பெயர்தான். அந்த ஒரு மார்க்குக்குப் பின்னால் ஒரு நீண்ட வாழ்க்கை இருக்கு. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கூடை முடைபவரின் மகன்

நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்று ஒரு ஊர். வாய்க்கால்களும் பாலங்களும் பீங்கான் தொழிலும் நிறைந்த ஊர். அங்கே 1632 அக்டோபர் 24 அன்று லீவன்ஹூக் பிறந்தார். உலகப் புகழ் பெற்ற ஓவியர் வெர்மீர் பிறந்ததும் அதே ஊரில், அதே மாதத்தில்தான்.

அப்பா கூடை முடைபவர். பையனுக்கு ஐந்தாறு வயது இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா மறுமணம் செய்துகொண்டார். பையன் கொஞ்ச காலம் வெளியூர்ப் பள்ளியில் படித்தான், பிறகு ஒரு மாமா வீட்டில் இருந்தான். 16 வயதில் ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பப்பட்டு ஒரு துணி வியாபாரியிடம் வேலைக்குச் சேர்ந்தான். படிப்பு அதோடு முடிந்தது.

1654-ல் டெல்ஃப்ட் திரும்பி, கல்யாணம் பண்ணிக்கொண்டு, சொந்தமாகத் துணிக்கடை போட்டார். வியாபாரம் ஓரளவு ஓடியது. வீட்டில்தான் துக்கம் விடவில்லை. ஐந்து குழந்தைகள் பிறந்து, மரியா என்ற ஒரே ஒரு மகள்தான் தங்கினாள். 1666-ல் மனைவியும் இறந்துவிட்டார். குழந்தைகள் எதனால் சாகிறார்கள் என்று யாருக்கும் தெரியாத காலம் அது. கிருமி என்ற பேச்சே கிடையாது.

கடையோடு சேர்த்து நகராட்சி வேலைகளும் பார்த்தார். 1660-ல் நகர மன்றக் கூடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு. 1669-ல் பரீட்சை எழுதி நில அளவையாளர் ஆனார். 1679-ல் ஊருக்குள் வரும் ஒயின் பீப்பாய்களின் கொள்ளளவை அளக்கும் அதிகாரி. கவனிச்சுப் பாருங்க: துணியை அளப்பது, நிலத்தை அளப்பது, பீப்பாயை அளப்பது. கண்ணால் பார்த்ததோடு விடாமல் எவ்வளவு என்று கேட்கிற பழக்கம் இந்த வேலைகளோடு சேர்ந்து வந்ததுதான்.

ஒரே ஒரு லென்ஸ்

துணி வியாபாரிகள் இழைகளை எண்ணிப் பார்த்துத் துணியின் தரத்தைச் சொல்ல பூதக்கண்ணாடி வைத்திருப்பார்கள். லீவன்ஹூக்கின் கைக்கு லென்ஸ் வந்தது அந்த வழியாகத்தான் இருக்க வேண்டும். 1665-ல் லண்டனில் ராபர்ட் ஹூக் எழுதிய மைக்ரோகிராஃபியா என்ற படப் புத்தகம் வெளியாகிப் பரபரப்பாக விற்றது. மைக்ரோஸ்கோப் வழியாகப் பார்த்த பேன், ஈயின் கண், துணி இழை எல்லாம் அதில் பெரிய பெரிய படங்களாக இருந்தன. ஆமாம், நம்ம ஸ்பிரிங் விதிக்குச் சொந்தக்காரரான அதே ஹூக்தான்.

ஹூக் பயன்படுத்தியது ஒன்றுக்கு மேற்பட்ட லென்ஸ்களை அடுக்கிய கூட்டு மைக்ரோஸ்கோப். அந்தக் காலத்துக் கண்ணாடியில் லென்ஸ் கூடக் கூடக் குறையும் கூடும். ஓரத்தில் நிறம் பிரியும், உருவம் மங்கும். லீவன்ஹூக் வேறு வழியைப் பிடித்தார். ஒரே ஒரு லென்ஸ், ஆனால் ரொம்பச் சின்னது.

இதில் இருக்கும் கணக்கு நமக்குத் தெரிந்ததுதான். சாதாரணக் கண்ணுக்கு வசதியான தூரம் 250 மில்லிமீட்டர். அதை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். குவியத் தூரம் 1 மில்லிமீட்டர் என்றால் சுமார் 250 மடங்கு. உருண்டை எவ்வளவு சின்னதோ, குவியத் தூரம் அவ்வளவு குறைவு, உருவம் அவ்வளவு பெரிது. அவர் செய்தவற்றில் ஒன்று இன்று உட்ரெக்ட் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் உருப்பெருக்கம் சுமார் 266 மடங்கு.

பார்க்க அது மைக்ரோஸ்கோப் மாதிரியே இருக்காது. உள்ளங்கைக்குள் அடங்கும் இரண்டு சின்ன பித்தளைத் தகடுகள். நடுவில் ஒரு துளை, அதில் கடுகளவு லென்ஸ். பின்னால் ஒரு ஊசிமுனை, அதில்தான் சாம்பிளை வைக்க வேண்டும். தள்ளி நகர்த்த இரண்டு மூன்று ஸ்க்ரூ. அவ்ளோதான். கண்ணோடு ஒட்ட வைத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். அதில் மணிக்கணக்காகப் பார்ப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும்.

நாக்கு, மிளகு, நம்பாத லண்டன்

1673-ல் டெல்ஃப்டில் இருந்த ரெய்னியர் டி கிராஃப் என்ற இளம் மருத்துவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். எங்க ஊரில் ஒருத்தர் இருக்கார், உங்களிடம் இருப்பதைவிட நல்ல மைக்ரோஸ்கோப் செய்கிறார் என்பது அதன் சாரம். அப்போது இங்கிலாந்துக்கும் நெதர்லாந்துக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. அப்படியும் கடிதம் போனது, பதிலும் வந்தது. டி கிராஃப் அதே வருஷம் 32 வயதில் இறந்துவிட்டார். அவர் திறந்துவிட்ட கதவு மட்டும் 50 வருஷம் மூடவில்லை.

லீவன்ஹூக்குக்குத் தெரிந்தது டச்சு மட்டும். அன்றைய அறிவியல் மொழியான லத்தீன் தெரியாது. இங்கிலீஷ் வராததால் செமினாரில் கடைசி பெஞ்சுக்குப் போகிற கஷ்டம் நமக்குப் புதுசா என்ன? அவர் கவலைப்படவில்லை. பேசுகிற மாதிரியே டச்சில் எழுதி அனுப்பினார். அங்கே மொழிபெயர்த்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் ஒரு முறை அவருக்கு உடம்பு சரியில்லாமல் போய், சாப்பாட்டில் ருசியே தெரியவில்லை. நாமாக இருந்தால் கஷாயம் குடித்துவிட்டுப் படுத்திருப்போம். அவர் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தார். நாக்கின் மேல் தடிப்பாகப் படலம் படிந்திருந்தது. ருசி தெரியாமல் போனதற்கு இதுதான் காரணமாக இருக்கணும் என்று யோசித்தார். உடனே மாட்டு நாக்கு ஒன்றை வாங்கி வந்து ஆராய ஆரம்பித்துவிட்டார். தன் உடம்பையே ஒரு லேப் மாதிரி நடத்துகிற பழக்கம் அப்போதே அவரிடம் இருந்தது.

ருசியில் தொடங்கிய கேள்வி மிளகில் போய் நின்றது. மிளகு ஏன் காரமாக இருக்கிறது? அதன் துகளில் நாக்கைக் குத்தும் முள் இருக்குமோ? மிளகைத் தண்ணீரில் ஊறப்போட்டு 1676-ல் பார்த்தபோது முள் எதுவும் தெரியவில்லை. நம்பவே முடியாத அளவு சின்ன உயிர்கள் கூட்டம் கூட்டமாக நீந்திக்கொண்டிருந்தன. அவற்றில் மிகச் சிறியவைதான் பாக்டீரியா என்று இன்று சொல்கிறோம்.

லண்டன் நம்பவில்லை. அவர் அதற்காகக் கோபித்துக்கொள்ளவும் இல்லை. பாதிரியார்கள், நோட்டரி உட்பட ஊர்ப் பெரியவர்கள் எட்டுப் பேரை அழைத்து லென்ஸ் வழியாகக் காட்டி, பார்த்தோம் என்று எழுத்தில் சாட்சி வாங்கி அனுப்பினார். 1677 நவம்பரில் ஹூக் தானே லென்ஸ் செய்து அதே சோதனையைத் திரும்பச் செய்தார். உயிர்கள் தெரிந்தன. 1680-ல் ராயல் சொசைட்டி துணிக்கடைக்காரரைத் தன் உறுப்பினராக்கிக்கொண்டது. அவர் ஒரு கூட்டத்துக்கும் போனதில்லை.

உடம்பு தள்ளிவிடும் எல்லாமே சாம்பிள்

1681-ல் அவருக்கு வயிற்றுப்போக்கு. ஒரு நாளைக்குப் பல தடவை. அருவருப்புப் பார்க்காமல் அதையும் லென்ஸ் முன்னால் வைத்தார். தட்டையான வயிறும் கால் மாதிரி இழைகளும் கொண்ட சின்ன உயிர்கள் அசைந்தன. வயிறு சரியாக இருந்த நாட்களிலும் எடுத்துப் பார்த்தார். அப்போது அவை கண்ணில் படவில்லை. அவர் எழுதி வைத்த வர்ணனையைப் படித்த பிற்கால ஆய்வாளர்கள் அது ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி என்று அடையாளம் கண்டார்கள். இன்றும் வயிற்றுப்போக்குக்குக் காரணமாகிற ஒன்று அது.

உடம்பு சரியில்லாத நாளில் ஒரு ரீடிங், சரியாக இருக்கும் நாளில் ஒரு ரீடிங். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால்தான் அர்த்தம். இன்றைய எந்த மருத்துவப் பரிசோதனைக்கும் இதுதான் அடிப்படை.

பல்லிடுக்கில் ஒரு ராஜ்யம்

1683 செப்டம்பர் 17 தேதியிட்ட கடிதத்தில்தான் வாய்க்கு வருகிறார். அப்போது அவருக்கு 50 வயது. தினமும் காலையில் உப்பு வைத்துப் பல் தேய்ப்பார், தண்ணீரில் கொப்பளிப்பார். சாப்பிட்ட பிறகு குச்சியால் பல்லிடுக்கைச் சுத்தம் செய்து துணியாலும் துடைப்பார். அந்தக் காலத்துக்கு இது ரொம்ப ஜாஸ்தி. அப்படியும் கடைவாய்ப் பற்களுக்கு இடையில் கரைத்த மாவு மாதிரி வெள்ளையாக ஏதோ படிந்திருப்பதைப் பார்த்தார்.

அதைக் கொஞ்சம் எடுத்தார். எதில் கரைப்பது? இங்கேதான் அவருடைய மூளை வேலை செய்கிறது. சுத்தமான மழைத் தண்ணீரில் கரைத்தார். அந்தத் தண்ணீரில் ஏற்கெனவே உயிர் எதுவும் இல்லை என்பதை உறுதி செய்துகொண்டார். இல்லாவிட்டால் பார்ப்பது தண்ணீரில் இருந்ததா, பல்லில் இருந்ததா என்று எப்படித் தெரியும்? தன் எச்சிலிலும் கரைத்துப் பார்த்தார். அதற்கு முன் எச்சிலில் இருந்த காற்றுக் குமிழிகளை நீக்கினார். குமிழி நகர்ந்தால் பக்கத்தில் இருக்கும் தூசியும் நகரும், அதை உயிர் என்று நினைத்துவிடக் கூடாது அல்லவா.

பார்த்தால், உயிர்கள். ஒரு வகை, பைக் என்ற வேட்டை மீன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதுபோல் பாய்ந்தது. நம்ம ஊர் விரால் பாய்வதை நினைச்சுக்கோங்க. இன்னொரு வகை பம்பரம் மாதிரிச் சுழன்றது. இன்னும் சின்னவை கொசுக்கூட்டம்போல் மொய்த்தன. ஒரு மனிதனின் பல் அழுக்கில் இருக்கும் உயிர்களின் எண்ணிக்கை ஒரு ராஜ்யத்தின் ஜனத்தொகையைவிட அதிகமாக இருக்கும் என்று கணக்குப் போட்டார். படமும் வரையச் செய்து அனுப்பினார். ஒரு உயிர் எந்தப் பாதையில் நகர்ந்தது என்பதைக்கூடப் புள்ளிக்கோடு போட்டுக் காட்டியிருந்தது அந்தப் படம்.

தன் வாயோடு நிறுத்தவில்லை. இரண்டு பெண்கள், எட்டு வயதுக் குழந்தை ஒன்று, இரண்டு முதியவர்கள் என்று சாம்பிள் சேகரித்தார். முதியவர்களில் ஒருவர் எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாதவர், ஆனால் ஆயுளில் ஒரு தடவைகூடப் பல் தேய்த்ததில்லை. இன்னொருவர் பிராந்தி, ஒயின், புகையிலை என்று வாழ்ந்தவர். சாராயம் இந்த உயிர்களைக் கொல்லுமா என்று பார்க்க அவர் சரியான ஆள்.

முடிவு விசித்திரமாக இருந்தது. அந்தப் பெண்கள், குழந்தை, முதியவர்கள் யாருடைய எச்சிலைத் தனியாகப் பார்த்தாலும் உயிர் எதுவும் தெரியவில்லை. ஆனால் அதே ஆட்களின் பல்லிடுக்கு அழுக்கைப் பார்த்தால் உயிர்கள் நெளிந்தன. பல்லே தேய்க்காதவர் வாயில் அவர் அதுவரை பார்த்திராத வேகத்தில் நீந்தின. குடிகாரர் வாயிலும் சாகாமல் இருந்தன.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். எச்சிலில் உயிர் தெரியவில்லை என்றால் எச்சிலில் உயிர் இல்லை என்று அர்த்தமா? இல்லவே இல்லை. ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கும் என்பது இன்று நமக்குத் தெரியும். அவர் கருவிக்கு ஓர் எல்லை இருந்தது. வேகமாக நகர்ந்தால்தான் உயிர் என்று அவரால் உறுதியாகச் சொல்ல முடிந்தது, கூட்டமாக இருந்தால்தான் கண்ணில் பட்டது. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் அவருக்கு வெறும் எச்சில். அவர் எச்சிலோடு நிறுத்தியிருந்தால் மனித வாய் சுத்தமானது என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். அரை அங்குலம் தள்ளி, பல்லிடுக்கில் இருந்து சாம்பிள் எடுத்ததால் கதை மாறியது. எங்கிருந்து எடுக்கிறோம் என்பது எதை வைத்துப் பார்க்கிறோம் என்பதைப் போலவே முக்கியம்.

வினிகரும் காபியும்

அடுத்ததாக, இவற்றைக் கொல்வது எப்படி என்று பார்த்தார். காரமான ஒயின் வினிகரை வாயில் ஊற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாகக் கொப்பளித்தார். பிறகு பல் அழுக்கை எடுத்துப் பார்த்தால் உயிர்கள் எண்ணிலடங்காமல் அப்படியே இருந்தன. சரி, வினிகருக்குச் சக்தி இல்லையோ? அழுக்கைக் கரைத்த தண்ணீரில் ஒரு துளி வினிகரை நேரடியாக விட்டார். உடனே செத்தன. அப்படியானால் வினிகர் கொல்கிறது, ஆனால் அழுக்கின் மேல் அடுக்கில் இருப்பவற்றை மட்டும்தான் தொடுகிறது, உள்ளே இறங்கவில்லை என்று முடிவு செய்தார்.

மருந்தின் வீரியம் வேறு, மருந்து போய்ச் சேருவது வேறு. பாக்டீரியாக்கள் பசைபோல் ஒட்டி அடுக்கடுக்காக வாழும் கூட்டத்தை இன்று பயோஃபிலிம் என்கிறோம். பல்லில் மட்டுமில்லை, தண்ணீர்க் குழாயிலும் உடம்பில் பொருத்தும் கருவிகளிலும் பெரிய தலைவலி அது. அதன் அடிப்படைக் குணத்தை ஒரு வாய் வினிகரை வைத்துக்கொண்டு அவர் சொல்லிவிட்டார்.

சில வருஷம் கழித்துத் திரும்ப வாயைப் பார்த்தபோது முன்பல்லில் உயிர்களைக் காணோம். எங்கே போயின? பழக்கத்தில் எது மாறியது என்று யோசித்தார். காலையில் வேர்க்க வேர்க்கச் சூடாகக் காபி குடிக்க ஆரம்பித்திருந்தார். அந்தச் சூடு முன்பல்லில் பட்டு அவற்றைக் கொன்றிருக்கலாம் என்று ஊகித்தார். சூடு அவ்வளவாகப் போகாத கடைவாய்ப் பற்களில் தேடினார். அங்கே இருந்தன. 1692-ல் இதையும் எழுதி அனுப்பினார். ஒரே ஆளின் வாயை வருஷக்கணக்கில் தொடர்ந்து கவனித்து, மாற்றம் தெரிந்ததும் காரணம் தேடுவது. உடல்நலக் கண்காணிப்பு என்று நாம சொல்வது இதைத்தானே?

இவ்வளவு பார்த்தவர் இந்த உயிர்கள் நோய் உண்டாக்கும் என்ற முடிவுக்கு மட்டும் வரவில்லை. அந்த முடிவை உலகம் ஏற்க இன்னும் இரண்டு நூற்றாண்டுகள் ஆயின. அந்தத் தாமதத்தில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

பூட்டி வைத்த வித்தை

லீவன்ஹூக் பார்த்ததை ஒளித்ததே இல்லை. எப்படிப் பார்த்தேன் என்பதைத்தான் ஒளித்தார். புகழ் பரவியதும் வீட்டுக்குக் கூட்டம் வந்தது. 1698-ல் ரஷ்யப் பேரரசர் மகா பீட்டர் டெல்ஃப்ட் வழியாக வந்தபோது விலாங்கு மீனின் வாலில் ரத்தம் ஓடுவதைக் காட்டினார். வந்தவர்களுக்குக் காட்டியது சாதாரண மைக்ரோஸ்கோப்கள்தான். சிறந்தவற்றை வெளியே எடுக்கவில்லை. லென்ஸ் செய்யும் முறையை யாருக்கும் சொல்லவில்லை. இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கலாமே என்று தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் கேட்டபோதும் மறுத்தார். காசுக்காகவோ பேருக்காகவோதான் வருவார்கள், இதற்கு வேண்டிய பொறுமை அவர்களிடம் இருக்காது என்பது அவர் எண்ணம்.

விளைவு என்ன? வாரிசு இல்லை. அவர் போனதும் அந்த வேலையும் நின்றது. பாக்டீரியாவை அவர் அளவுக்குத் தெளிவாகப் பார்க்கும் கருவி பரவலாகக் கிடைக்க 19-ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. 500-க்கும் மேல் அவர் செய்தும், இன்று மிஞ்சியவை ஒரு டஜன் அளவுதான். மகள் மரியா ராயல் சொசைட்டிக்கு அனுப்பிய 26 வெள்ளி மைக்ரோஸ்கோப்களும் பின்னால் தொலைந்துபோயின.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2021-ல் டச்சு ஆய்வாளர்கள் உட்ரெக்ட் மைக்ரோஸ்கோப்பைப் பிரிக்காமல், நியூட்ரான் கதிர்களைச் செலுத்தி உள்ளே இருக்கும் லென்ஸின் வடிவத்தைப் பார்த்தார்கள். அது தேய்த்துச் செய்த லென்ஸ் இல்லை. கண்ணாடி இழையின் நுனியைத் தீயில் உருக்கி எடுத்த உருண்டை. அந்த முறையை ஹூக் 1678-லேயே அச்சில் வெளியிட்டிருந்தார். ஆயுள் முழுக்கப் பூட்டி வைத்த ரகசியத்தின் ஒரு பகுதி புத்தகத்திலேயே இருந்திருக்கிறது. செய்முறை தெரிந்தால் மட்டும் போதாது, அதை வைத்துக்கொண்டு 50 வருஷம் உட்கார ஆள் வேண்டும். அந்த ஆள் அதைச் சொல்லிக் கொடுத்தும் இருக்க வேண்டும்.

கடைசி ரீடிங்

90 வயதில் அவருக்கு ஒரு வினோதமான தொந்தரவு. வயிற்றுக்கும் மார்புக்கும் இடையே விட்டு விட்டுத் துடித்தது, மூச்சு முட்டியது. மருத்துவர் இதயம் என்றார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. துடிப்பு வரும் நேரத்தில் தன் நாடியைப் பிடித்துப் பார்த்தார், அது மாறவில்லை. ஆகவே இது இதயம் இல்லை, உதரவிதானம்தான் என்று முடிவு செய்தார். ஆட்டின் உதரவிதானத்தை வாங்கி ஆராய்ந்து அதையும் லண்டனுக்கு எழுதினார். மருத்துவ உலகில் இந்த அபூர்வ நோய்க்கு இன்று அவர் பெயரே இருக்கிறது.

1723 ஆகஸ்ட் 26 அன்று இறந்தார். மரணப் படுக்கையிலும் இரண்டு கடிதங்களை லத்தீனில் மொழிபெயர்த்து அனுப்பச் சொல்லி நண்பரிடம் கொடுத்திருந்தார். டெல்ஃப்டின் பழைய தேவாலயத்தில் அவர் கல்லறை இருக்கிறது. வெர்மீரும் அங்கேதான் உறங்குகிறார்.

அதற்குப் பிறகு எச்சில்

1880 டிசம்பர், பாரிஸ். வெறிநாய்க்கடியால் இறந்த ஒரு குழந்தையின் எச்சிலை லூயி பாஸ்டர் எடுத்து முயல்களுக்குச் செலுத்தினார். முயல்கள் செத்தன. அவற்றின் ரத்தத்தில் ஒரு புதிய கிருமி தெரிந்தது. வெறிநாய்க்கடிக் கிருமி கிடைத்துவிட்டது என்று யாருமே குதித்திருப்பார்கள். ஆனால் ஆரோக்கியமான ஆட்களின் எச்சிலிலும் அதே கிருமி இருப்பது தெரிய வந்தது. அப்படியானால் இது அந்த நோய்க்குக் காரணம் இல்லை. பின்னாளில் அதுதான் நிமோனியாவை உண்டாக்கும் கிருமி என்று தெரிந்தது. லீவன்ஹூக் கதையில் தெரியவில்லை என்பதற்கு இல்லை என்று அர்த்தமில்லை. இங்கே, இருக்கிறது என்பதற்கு அதுதான் காரணம் என்று அர்த்தமில்லை. எச்சில் பரிசோதனை இந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவில்தான் நடந்து வர வேண்டியிருந்தது.

இன்றைக்கும் அப்படித்தான். 2012-ல் அமெரிக்காவில் வீட்டிலேயே செய்துகொள்ளும் ஓராகுவிக் என்ற எச்.ஐ.வி. பரிசோதனைக்கு அனுமதி கிடைத்தது. ஊசி இல்லை, 20 நிமிஷத்தில் முடிவு. அதில் துப்பச் சொல்வதில்லை, மேல் ஈறிலும் கீழ் ஈறிலும் பஞ்சுமுனையால் ஒரு இழுப்பு இழுக்கச் சொல்கிறார்கள். தேடும் ஆன்டிபாடி வெறும் எச்சிலைவிட ஈறோரத்தில் கசியும் திரவத்தில் அதிகம். லீவன்ஹூக் நகர்ந்த அதே அரை அங்குலம்! தொற்று வந்து மூன்று மாதத்துக்குள் செய்தால் இல்லை என்று காட்டலாம், அதை நம்பிவிடக் கூடாது. இருக்கு என்று காட்டினாலும் லேபில் இன்னொரு முறை உறுதி செய்ய வேண்டும்.

கார்ட்டிசால் கதையும் இதே மாதிரிதான். இந்த ஹார்மோன் நள்ளிரவில் மிகக் குறைவாக இருக்க வேண்டும். குஷிங் நோய் இருந்தால் அப்போதும் இறங்காது. அதனால் தூங்கும் நேரத்தில், வீட்டில், எச்சிலில் பார்க்கிறார்கள். ஊசியைப் பார்த்துப் பயந்தாலே கார்ட்டிசால் ஏறிவிடும் என்பதால் இங்கே எச்சில்தான் வசதி.

2020 ஆகஸ்டில் யேல் பல்கலைக்கழகம் உருவாக்கிய சலைவாடைரக்ட் என்ற கொரோனா எச்சில் பரிசோதனைக்கு அமெரிக்காவில் அவசர அனுமதி கிடைத்தது. மூக்கில் குச்சி விட வேண்டாம், விசேஷக் குழாய் வேண்டாம், ஆர்.என்.ஏ.-வைப் பிரித்தெடுக்கும் படியும் வேண்டாம். அதைவிடப் பெரிய விஷயம், அவர்கள் அதைப் பெட்டியில் அடைத்து விற்கவில்லை. செய்முறையைத் திறந்து வைத்தார்கள். தகுதியுள்ள லேப் எதுவும் அதைப் பார்த்துச் செய்துகொள்ளலாம். டெல்ஃப்ட் துணிக்கடைக்காரர் செய்யாமல் விட்டது இது ஒன்றுதான்.

அடுத்த முறை லேபில் ரீடிங் பூஜ்யம் என்று வந்தால், உடனே பூஜ்யம் என்று எழுதிவிடாதீங்க. கருவியின் எல்லை என்ன, சாம்பிள் எங்கிருந்து எடுத்தது, கன்ட்ரோல் வைத்தோமா என்று ஒரு தடவை பாருங்க. அப்புறம், எப்படிச் செய்தோம் என்பதை ஜூனியருக்கும் புரிகிற மாதிரி ரெக்கார்டில் எழுதி வையுங்க.